ஊர்ப்பக்கம் புது வீடு: சனி, ஞாயிறில் எதை முதலில் செய்வது?

கிரகப்பிரவேசம் முடிந்து, பந்தலைப் பிரித்து, சொந்தபந்தம் கிளம்பிப் போன பிறகுதான் புது வீட்டின் வெளிப்புறம் கண்ணில் படும். கெட்டித்துப்போன சிமெண்ட் மூட்டை, கம்பித் துண்டு, உடைந்த செங்கல், கடைக்கால் தோண்டிய மண்மேடு. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு சொந்த ஊரில் வீடு கட்டியவர்களுக்குக் கிடைப்பதோ, வெள்ளி இரவு பஸ் ஏறி வந்து ஞாயிறு மாலை திரும்பும் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் தோட்டம் போட வேண்டும், வேலி கட்ட வேண்டும், வாசல் முதல் கேட் வரை நடைபாதை வேண்டும், வேப்பமரத்தடியில் ஒரு திண்ணை வேண்டும். ஆசைகள் எல்லாம் நியாயமானவைதான். அவற்றைச் செய்யும் வரிசையில்தான் கவனம் வேண்டும்.

முதல் ஆண்டு முழுவதும் தண்ணீருக்கான வேலைகளை மட்டும் செய்யுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. மழை எங்கே விழுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒரு ஐப்பசி, கார்த்திகையைக் கண்ணால் பார்க்காமல் வெளியில் சிமெண்ட் போடாதீர்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைக்காலைச் சுற்றித் திரும்ப நிரப்பிய மண் ஒரு மழைக்காலமாவது நனைந்துதான் படியும். படியும் முன்பு அதன்மேல் பேவர் கல் பதித்தால், அடுத்த தையில் கல் பள்ளத்தில் இறங்கியிருக்கும். சுவரோரம் தண்ணீர் நிற்கும்.

மட்டம் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்

முதல் சனிக்கிழமைக்கு வேண்டிய கருவி, கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல். கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப் பத்துப் பதினைந்து மீட்டர் வாங்கி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒருவர் ஒரு முனையை வீட்டுச் சுவரில் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையோடு மனையின் மூலைக்குப் போகட்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை வரை இரண்டு இடத்திலும் அளந்தால், மூலை எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்பது அங்குலக் கணக்கில் தெரிந்துவிடும். வீட்டில் இருக்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு நான்கு மூலையையும் அளந்து, ஒரு நோட்டில் மனையை வரைந்து குறித்து வையுங்கள். அடுத்த சில ஆண்டுகளுக்கு எல்லா வேலைக்கும் அந்த ஒரு தாள் உதவும்.

சுவரை ஒட்டிய தரை வீட்டிலிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும். ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற சரிவு போதும். அதாவது, சுவரிலிருந்து நான்கடி தள்ளி ஓர் அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். கடைக்கால் மண்மேட்டை வண்டி வைத்து வெளியே அனுப்பும் முன், இந்தச் சரிவுக்கு எவ்வளவு மண் வேண்டும் என்று பாருங்கள். மண்வெட்டி, பாண்டு, திமிசுக்கட்டை இருந்தால் ஒரு வார இறுதியில் ஒரு பக்கச் சுவரை முடிக்கலாம். ஆறு அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் கொட்டாமல், கொட்டி, நனைத்து, இடித்து, மறுபடி கொட்ட வேண்டும்.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் போலக் கரிசல் பூமியானால் இந்தச் சரிவு இன்னும் முக்கியம். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். சுவரோரம் ஒரு பக்கம் நனைந்தும் ஒரு பக்கம் காய்ந்தும் கிடந்தால் கடைக்கால் சமமாகத் தாங்காது, சுவரில் விரிசல் விழும். அங்கே சுவரை ஒட்டிப் பூச்செடி வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுவதே கெடுதல். செடியைக் குறைந்தது ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள். மண் எதுவானாலும், சுவரோரச் செடியும் ஈரமும் கரையானுக்கு வசதிதான்.

மாடியில் விழும் மழை

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மழைநீர் பற்றிய எல்லாம் எளிதாகிவிடும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி சுமார் 93 சதுர மீட்டர். ஓர் இரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் கிடைக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு சராசரி மழை 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆவியாவது, தெறிப்பது, முதல் மழையை வெளியே விடுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஆண்டுக்கு 65,000 லிட்டருக்குக் குறையாது. அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி முதல் மார்கழிக்குள் வந்துவிடும். எனவே இந்த வேலையைப் புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பல வீடுகளில் அது மாடியிலிருந்து இறங்கும் ஒரு பி.வி.சி. குழாயோடு நின்றுவிடுகிறது. குழாய்க்குக் கீழே என்ன இருக்க வேண்டும் என்பதை நாமே செய்துகொள்ளலாம்.

முதலில் மாடியின் தூசி, பறவை எச்சம், இலை எல்லாம் கலந்து வரும் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். பெய்யத் தொடங்கியதும் வரும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மழையே மாடியைக் கழுவிவிடும். ஆயிரம் சதுர அடிக்கு அது ஏறக்குறைய நூறு முதல் இருநூறு லிட்டர். ஆள் இருக்கும் வீட்டில் குழாயின் அடி மூடியைக் கழற்றி, சிறிது நேரம் தண்ணீரை வெளியே விட்டு, பிறகு மூடிவிடுவார்கள். வார நாளில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அது நடக்காது. அதற்கு வழி உண்டு. இறங்கும் குழாயில் ஒரு டீ இணைப்பு வைத்து, நேர் கீழே போகும் கிளையை மூடியிட்ட டிரம்மில் காற்றுப் புகாமல் சேர்த்துவிடுங்கள். பக்கவாட்டுக் கிளை வடிகட்டிக்குப் போகட்டும். முதலில் வரும் அழுக்குத் தண்ணீர் டிரம்மை நிரப்பும். டிரம் நிரம்பியதும் பின்னால் வரும் தண்ணீர் பக்கவாட்டில் திரும்பிவிடும். டிரம்மின் அடியில் ஒரு சிறு துளை போட்டால் தண்ணீர் மெல்லச் சொட்டி, அடுத்த மழைக்குள் டிரம் காலியாகிவிடும். சேறு அடைக்காமல் இருக்க அந்தத் துளையை ஒவ்வொரு வருகையிலும் ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். யாரும் திறக்க வேண்டியதில்லை, யாரும் மூட வேண்டியதில்லை.

வடிகட்டிக்கு 200 லிட்டர் நீல டிரம் ஒன்று போதும். வேதிப்பொருள் ஏற்றிய டிரம்மை வாங்காதீர்கள், உணவுப் பொருள் வந்த டிரம்மாகக் கேட்டு வாங்குங்கள். அடியில் 40 மி.மீ. ஜல்லி அரையடி, அதன்மேல் சிறு ஜல்லி அரையடி, அதன்மேல் நைலான் வலை, வலைமேல் கழுவிய பெருமணல் முக்கால் அடி. மேலே அரையடியாவது காலியாக விட்டால்தான் கொட்டும் தண்ணீர் தேங்கி இறங்க இடம் இருக்கும். பலத்த மழையில் வழிவதற்கு மேல் விளிம்புக்குக் கீழே ஒரு குழாயும் வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில் மணலை எடுத்துக் கழுவிப் போடுங்கள். இந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க, செடிக்கு நல்லது. குடிக்கப் பயன்படுத்துவதானால் கொதிக்க வைத்துத்தான்.

வடிகட்டிய தண்ணீர் சம்ப் என்னும் தரையடித் தொட்டியில் சேரட்டும், அது நிரம்பிய பிறகு மிஞ்சும் தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போகட்டும். குழி எங்கே தோண்டுவது என்று முடிவு செய்யும் முன் மண்ணைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நினைத்த இடத்தில் ஓரடி ஆழம் ஒரு சிறு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். செம்மண்ணிலும் மணற்பாங்கிலும் விறுவிறு என்று இறங்கும். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடம் உறிஞ்சுகுழிக்கு ஆகாது, கொசுவுக்குத்தான் ஆகும். நல்ல இடம் கிடைத்தால் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் தோண்டி, கட்டடத்தில் மிஞ்சிய செங்கல் துண்டுகளையும் பெருஞ்ஜல்லியையும் நிரப்புங்கள். சுவரிலிருந்து பத்தடிக்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும். மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேராகக் கிணற்றிலோ போர்வெல்லிலோ விடாதீர்கள். நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் திருத்துவது மிகக் கடினம், அக்கம்பக்கத்துக் கிணறுகளும் அதே நீரைத்தான் நம்பியிருக்கின்றன.

அடுப்படித் தண்ணீர், குளியல் தண்ணீர்

இவற்றை வாழைக்கு விடுவது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள பழக்கம், சரியான பழக்கமும்கூட. ஒரு சிறு திருத்தம் மட்டும் செய்தால் போதும். பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் வரும். குழாய் முடியும் இடத்தில் ஒரு சிறு தொட்டி கட்டி, உள்ளே தேங்காய் நாரைத் திணித்து வைத்தால் அவை அங்கேயே தங்கிவிடும். நாரை அவ்வப்போது எடுத்து எருக்குழியில் போட்டுவிட்டுப் புதிது வைக்கலாம். தொட்டியிலிருந்து தண்ணீர் ஜல்லி போட்ட வாய்க்காலில் மண்ணுக்கடியிலேயே ஓட வேண்டும், மேலே தேங்கக் கூடாது. வாய்க்கால் ஓரம் கல்வாழையும் சேம்பும், கடைசியில் இரண்டு வாழைக்கன்றும் வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள்தான் தண்ணீர் வரும் என்பதால் வாழையடியில் சருகு மூடாக்கு கனமாக இருக்கட்டும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்த தண்ணீரை இந்தப் பக்கம் விடாதீர்கள். பச்சையாகச் சாப்பிடும் கீரை, வெங்காயம், முள்ளங்கி எதையும் இந்தத் தண்ணீரில் வளர்க்க வேண்டாம்.

ஐந்து நாள் ஆளில்லாத தோட்டம்

புது வீட்டைச் சுற்றியுள்ள மண் உண்மையில் மண்ணே அல்ல. சிமெண்ட் கலவை, பூச்சு உதிரல், ஆழத்திலிருந்து வந்த உயிரில்லாத அடிமண் எல்லாம் கலந்தது. அதில் உடனே ரோஜாவையும் மாங்கன்றையும் வைத்தால் இலை வெளுத்து நிற்கும். முதல் மழைக்குத் தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைத்து, பூ எடுக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி மண்ணோடு கொத்திவிடுங்கள். இரண்டு பருவம் இப்படிச் செய்தால் மண் கறுக்கத் தொடங்கும், மண்புழு தானாக வரும். விதைக்க ஒரு சனிக்கிழமை, கொத்த ஒரு சனிக்கிழமை. இடையில் மழையே பார்த்துக்கொள்ளும். வார இறுதி மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வேளாண்மை எனக்குத் தெரியவில்லை.

காய்கறி வேண்டும் என்றால் பானைப் பாசனம் செய்யலாம். பெயின்ட் அடிக்காத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை மூடிவிடுங்கள். பானையைச் சுற்றி மூன்று நான்கு கத்தரி, மிளகாய், பாகல் நாற்றுகள். பானையின் சுவர் வழியே கசியும் ஈரத்தைத் தேடி வேர்கள் வரும். மண்ணும் வெயிலும் பொறுத்து ஒரு நிரப்பு சில நாள் தாங்கும். கோடையில் வாரம் முழுதும் தாங்காது, அப்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் புதன்கிழமை ஒரு குடம் ஊற்றச் சொல்லிவிட்டு, காய்த்ததில் அவருக்கும் பங்கு கொடுங்கள். கீரைப் பாத்தி தினமும் ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான். கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை மூன்றும் வேர் பிடித்த பிறகு ஆளில்லாமலும் பிழைக்கும். முருங்கையைப் படுக்கையறை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். கம்பளிப்பூச்சி வரும், கிளையும் காற்றுக்கு எளிதில் முறியும். வேம்பு, புங்கை போன்ற பெரிய மரங்களை மேற்குப் பக்கம், சுவரையும் செப்டிக் டேங்கையும் விட்டு நன்றாகத் தள்ளி நட்டால், பிற்பகல் வெயிலை அவை வாங்கிக்கொள்ளும்.

ஆடு, மாடு வராமல் இருக்க வேலி வேண்டும். கம்பி வேலி ஒரே நாளில் முடியும், ஆனால் செலவு அதிகம். கொங்குப் பகுதியில் மேய்ச்சல் காடுகளைச் சுற்றிக் காலங்காலமாக இருப்பது கிளுவை உயிர்வேலி. முற்றிய கிளுவைப் போத்துகளை வெட்டி, மழை தொடங்கும் சமயத்தில் நெருக்கமாக ஊன்றி, குறுக்கே மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டால் அவை வேர்விட்டு வளரும். இடையிடையே ஆடாதொடையும் நொச்சியும் நடலாம், இரண்டையும் ஆடு கடிக்காது. அடைவதற்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதுவரை ஒரு வரிசை முள்கம்பி போதும்.

சிமெண்ட் வேலைக்கு நாள் பார்ப்பது

வார இறுதியில் வந்து போகிறவர்கள் கவனிக்கத் தவறுவது நீராற்றுதல். சிமெண்ட் இறுகுவது காய்ந்து அல்ல, தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிந்துதான். கலவை சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், ஆனால் அதற்குப் பலம் வரக் குறைந்தது ஏழு நாள் ஈரம் வேண்டும். சனிக்கிழமை காங்கிரீட் போட்டு ஞாயிறு மாலை பூட்டிவிட்டுப் போனால், அந்தப் பாதை அடுத்த ஆண்டே பொடிப்பொடியாகப் பெயரும். எனவே நடைபாதை, கேட் தூண் அடி, துவைக்கும் கல் மேடை போன்றவற்றைப் பொங்கல் விடுமுறை மாதிரி நீண்ட விடுப்புக்கு ஒதுக்குங்கள். முடியாவிட்டால் நனைத்த சாக்கை விரித்து, அதன்மேல் தார்ப்பாயை மூடி, ஓரங்களில் மண் அணைத்துவிட்டுப் போங்கள். தூண் அடிக்கு ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி. தண்ணீரைக் குறைவாகச் சேருங்கள். ஓடுகிற மாதிரி கரைத்தால் போடுவதற்குச் சுலபம், பலம் போய்விடும்.

சுவரில் மெல்லிய கோடுகளைப் பார்த்ததும் பட்டியை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கோட்டின் இரு முனையிலும் பென்சிலால் ஒரு குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் போன பிறகும் கோடு அங்கேயே நின்றால் அது பூச்சு சுருங்கிய விரிசல், நீங்களே அடைத்துக்கொள்ளலாம். குறியைத் தாண்டி வளர்ந்தாலோ, கதவு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறினாலோ பொறியாளரைக் கூப்பிட வேண்டும். மழைக்காலத்தில் கதவு இறுகினால் அப்போதே இழைக்க வேண்டாம். மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது, தையில் தானாகச் சுருங்கும். கார்த்திகையில் இழைத்த கதவு பங்குனியில் இடைவெளி விடும்.

பங்குனிக்கு முன் ஒரு நல்ல வேலை, மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் கீழ் அறையில் வெக்கை குறைவதை உணரலாம். மாடியைக் கூட்டிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே நீர்த்த சுண்ணாம்பை இரண்டு மூன்று பூச்சு அடிக்க வேண்டும். முந்தையது காய்ந்த பிறகே அடுத்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீங்களே நீற்றினால் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். சேகரிப்புக் குழாயை முதலிலேயே கழற்றி வைத்து, அடுத்த மழைக்கு முன் மாடியை நன்றாகக் கழுவிவிட்டு மாட்டுங்கள்.

பூட்டிக் கிளம்பும் முன்

கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நீங்கள் இல்லாத நாட்களில் வாளியில், பூந்தொட்டித் தட்டில், மாடித் தொட்டியின் திறந்த வாயில் தேங்கும் தண்ணீர் அதற்குப் போதுமானது. வாளியைக் கவிழ்த்து வைப்பதும், தொட்டியின் வழியும் குழாய்க்கும் செப்டிக் டேங்கின் வென்ட் பைப்புக்கும் வலை கட்டுவதும் அரை மணி நேர வேலை. டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் பெருகும், எனவே மழைநீர் டிரம்களும் இறுக மூடியிருக்க வேண்டும்.

செங்கல் குவியலையும் மரத்துண்டுகளையும் சுவரோரம் வைக்காதீர்கள். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் ஊர்ப்புறங்களில் உண்டு. குவியலைக் கலைக்கும்போது பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையை விடாமல் கடப்பாரையால் புரட்டுங்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்பதை வீடு குடியேறும்போதே விசாரித்து, சுவரில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

மின்சாரத்தில் நம் கை படவேண்டிய இடம் ஒன்றே ஒன்று. மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சட்டென்று விழ வேண்டும், விழாவிட்டால் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மோட்டாருக்கும் வெளி விளக்குக்கும் ஒயர் இழுக்கும் வேலை அவருடையது, நம்முடையது அல்ல.

வேறு இரண்டு இடங்களில் நீங்களும் இறங்கக் கூடாது, கூலி கொடுத்து வேறு யாரையும் இறக்கவும் கூடாது. ஒன்று, நெடுநாள் இறைக்காத பழைய கிணறு. மற்றது செப்டிக் டேங்க். இரண்டிலும் மூச்சை நிறுத்தும் வாயு தங்கியிருக்கும். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் இறந்த செய்திகளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்கிச் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. டேங்க் நிரம்பினால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். லாரி வர இரண்டு நாள் தாமதமானால் இரண்டு நாள் காத்திருங்கள்.